விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை: டியூப் கிட்டார் ஆம்ப் பழுது பார்க்க முழுமையான வழிகாட்டி

ஆம்பை ஆன் செய்தால் முகப்பு விளக்கு எரிகிறது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் டியூப்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்று கொண்டிருக்கின்றன. ஆனால் கிட்டாரை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் பலர் செய்யும் முதல் காரியம், புது டியூப் செட்டுக்கு ஆர்டர் போடுவது. பல ஆயிரம் ரூபாய் போகும், பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டும், மாட்டிய பிறகும் அதே மௌனம் தொடர நிறைய வாய்ப்பு உண்டு. ஏனென்றால் பழுது கேபிளிலோ, கறுத்துப்போன ஜாக்கிலோ, ஃபியூஸிலோ, சில ரூபாய் பெறும் ஒரு ரெசிஸ்டரிலோ இருக்கலாம். டியூபை மாற்றினால் அவை சரியாகாது.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போவோம். ஒவ்வொரு சோதனையும் ஆம்பை இரண்டாக வெட்டி, "இந்தப் பாதி நல்லது, அந்தப் பாதியில்தான் கோளாறு" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத சோதனையால் நேரம்தான் வீணாகும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு என்பதைத்தான் கிட்டார் வாசிப்பவர்கள் டியூப் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

உயிருக்கும் ஆம்புக்கும் இரண்டு விதிகள்

முதல் விதி: ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வெளிப்பக்கச் சுருளில் சுமை இல்லாவிட்டால், உள்பக்கச் சுருளில் சேரும் ஆற்றல் போக இடமின்றி வோல்டேஜ் பல மடங்கு எகிறும். சுருளின் இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும், அல்லது டியூப் சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே பொறி பறக்கும். பத்து ரூபாய்ப் பழுது அங்கே பத்தாயிரம் ரூபாய்ப் பழுதாகிறது.

இரண்டாவது: உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 300 முதல் 500 வோல்ட் டிசி வரை பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் அங்கேயே நிற்கலாம். அதை இறக்கும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறோம். அந்தப் பகுதியைப் படித்து மனதில் வாங்கும் வரை சேஸிஸை (பாகங்கள் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டகத்தை) திறக்க வேண்டாம். மூடியைக் கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன, அவற்றிலேயே பல ஆம்ப்கள் பேச ஆரம்பித்துவிடும்.

மூடியைத் திறக்காமல்

கிட்டாரையும் கேபிளையும் வேறொரு ஆம்பில் போட்டுப் பாருங்கள். பெடல் எதுவும் நடுவில் வேண்டாம், கிட்டாரிலிருந்து நேராக ஆம்புக்குப் போகட்டும். ஸ்டாண்ட்பை சுவிட்ச், மாஸ்டர் வால்யூம், எந்த சேனல் தேர்வாகியிருக்கிறது, ஃபுட்சுவிட்ச் ஏதாவது மியூட்டில் வைத்திருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள்.

அடுத்து எஃபெக்ட்ஸ் லூப், அதாவது ஆம்பின் முன்பாதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் பெடல்களைச் சேர்க்கும் வழி. பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருந்தால், சிறிய பேட்ச் கேபிள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே மாட்டுங்கள். சத்தம் வந்துவிட்டால் பழுது கிடைத்துவிட்டது. பல ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்கினுள் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பிளக் எதுவும் இல்லாதபோது அது எதிர்முனையைத் தொட்டு சிக்னலைக் கடத்துகிறது. லூப்பையே பயன்படுத்தாதவர்கள் ஆம்பில் அந்த நாக்கு ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பட்டு அதன் மேல் கறுப்பாக ஒரு படலம் படிந்துவிடும், தொடும் இடத்தில் மின்தொடர்பு அறுந்துவிடும். ஆம்பின் பிளக்கைப் பிடுங்கி வைத்து, எண்ணெய் கலக்காத கான்டாக்ட் கிளீனரை ஜாக்கினுள் ஒருமுறை அடித்து, ஒரு பிளக்கை இருபது முறை சொருகி எடுங்கள். கிளீனர் காயும் வரை பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பீக்கரைச் சோதிப்பது சுலபம். ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் பிளக்கை உருவி, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளை பிளக்கின் நுனியிலும் உடலிலும் ஒரு கணம் தொடுங்கள். நல்ல ஸ்பீக்கர் "டப்" என்று அடித்து கோன் முன்னோ பின்னோ நகரும். மல்டிமீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 ஓம் காட்டும், 16 ஓம் ஸ்பீக்கர் 12 அல்லது 13. முள் அசையாமல் திறந்த சர்க்யூட் என்று காட்டினால் காயில் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகும் சடைக் கம்பி முறிந்திருக்கிறது. ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைப் போட்டு வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிவிடுங்கள். அதன் நடுக்கம்பி மெல்லியது, ஆம்ப் தள்ளும் கரென்ட்டைத் தாங்காது. கேபிள் நடுவில் அறுந்தால், முதல் விதியை நீங்களே மீறியதாகிவிடும்.

இரண்டு வகை மௌனம்

இந்தச் சோதனைக்குக் காது மட்டும் போதும். ஸ்டாண்ட்பையை எடுத்துவிட்டு, வால்யூமையும் மாஸ்டரையும் பாதி அளவுக்குத் திறந்து, ஸ்பீக்கர் துணிக்கு அருகில் காதை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மெலிதாக "ஸ்ஸ்" என்ற இரைச்சலோ "ம்ம்" என்ற ஹம்மோ கேட்டால், எச்டி சப்ளை (ஹை டென்ஷன், அதாவது டியூப்களுக்கான உயர் வோல்டேஜ் டிசி), பவர் டியூப், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் ஏறக்குறைய உயிரோடு இருக்கின்றன. கோளாறு முன்பாதியில், அதாவது ப்ரீஆம்பில். ரிட்டர்ன் ஜாக்கில் கிட்டாரை நேராகச் சொருகினால் சிறியதாகவாவது சத்தம் வரும், இது உறுதிப்படுத்தும்.

எதுவுமே கேட்கவில்லை, ஸ்டாண்ட்பையைத் தட்டும்போது கூட "தொப்" என்று வரவில்லை என்றால், சப்ளையோ பவர் பகுதியோ செத்திருக்கிறது. ப்ரீஆம்ப் டியூப்களை மாற்றிக்கொண்டிருப்பது வீண்.

ஒன்றைக் கவனியுங்கள். ஃபெண்டர் வகை ஆம்ப்கள் பலவற்றில் முகப்பு விளக்கு 6.3 வோல்ட் ஹீட்டர் சப்ளையிலேயே எரிகிறது. விளக்கும் டியூபும் ஒளிர்கின்றன என்றால் ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறது என்பது மட்டும்தான் அர்த்தம். 400 வோல்ட் எச்டி வருகிறதா என்று அது சொல்லாது. மார்ஷல் ஆம்ப்கள் பலவற்றில் மெயின்ஸ் ஃபியூஸ் தவிர எச்டிக்குத் தனி ஃபியூஸ் உண்டு. டியூப்கள் அழகாக ஒளிர்ந்து, மயான அமைதி நிலவினால், முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது அந்த ஃபியூஸைத்தான். கண்ணாடிக்குள் கம்பி முழுசாகத் தெரிந்தாலும் நம்பாமல் மீட்டரில் தொட்டுப் பாருங்கள்.

டியூப்களைப் பார்வையிடுதல்

அணைத்து ஆறவிட்டு ஒவ்வொரு டியூபாக உருவுங்கள். தலைப்பகுதியில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளி மாதிரியோ பழுப்பாகவோ பளபளத்தால் சரி. அது பால் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்தது போல மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது. வேறு சோதனை தேவையில்லை.

ப்ரீஆம்பில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7. இசிசி83 என்று எழுதியிருந்தாலும் அதே டியூப்தான். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு தனித்தனி டியூப்கள், இரண்டு தனி ஹீட்டர்கள். ஒரு பாதி ஹீட்டர் அறுந்து மறுபாதி மட்டும் எரியும் நிலை உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் டியூப் எரிவது போலவே தெரியும். இருட்டில் இரண்டு பக்கமும் புள்ளியாக ஒளி தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

நல்லது என்று தெரிந்த ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 கையிருப்பில் இருந்தால், இன்புட் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு. பவர் டியூப்களுக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் ஃபேஸ் இன்வர்ட்டர், அதாவது சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்துப் பவர் டியூப் ஜோடிக்குக் கொடுக்கும் டியூப். அது போனால் முன்னால் எத்தனை டியூப் நன்றாக இருந்தாலும் சத்தம் வராது. முழு செட்டை வாங்குவதை விட, கிட் பையில் ஒரு உபரி 12ஏஎக்ஸ்7 எப்போதும் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

எரியாத டியூப் என்றால் டியூபைக் குறை சொல்லும் முன் சாக்கெட்டைப் பாருங்கள். சென்னையின் ஈரப்பதத்தில் பின்கள் மங்கிப்போய்த் தொடர்பு விடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ்ஷை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள். பிடி தளர்ந்த துளையை ஊசியால் நெருக்கலாம், ஆனால் கெப்பாசிட்டர்களின் சார்ஜை இறக்கிய பிறகுதான்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஃபியூஸ் ஒரு முறை போனால் வயசாகியிருக்கலாம். மாற்றியதும் மறுபடி போனால் உள்ளே ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. பழைய வீடுகளின் ஃபியூஸ் கட்அவுட்டில் செய்வது போலச் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டப் பார்க்காதீர்கள். அங்கே உருக வேண்டிய கம்பிக்குப் பதிலாக ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். சொல்லியிருக்கும் ஆம்பியர், சொல்லியிருக்கும் ஸ்லோ ப்ளோ வகை, இரண்டும் பொருந்த வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகக் கூடாது. ஆம்ப் மின்சாரத்திலிருந்து இழுக்கும் வாட்டுக்கு (ஸ்பீக்கருக்குத் தரும் வாட்டுக்கு அல்ல) மேல் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஏற்கெனவே சொருகி அமைதியாகிவிட்டது என்றால், ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. அடுத்துச் சொல்லும் குண்டு பல்பு வழியில் சோதியுங்கள், ஸ்டெப் டவுனை பல்புக்குப் பின்னால் வைத்து.

குண்டு பல்பு சோதனைப் பெட்டி செய்ய ஒரு 3 பின் பிளக், ஒரு பல்பு ஹோல்டர், ஒரு 3 பின் சாக்கெட், ஒரு சுவிட்ச், ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். ஃபேஸ் கம்பி மட்டும் சுவிட்ச், பல்பு வழியாகச் சாக்கெட்டுக்குப் போகட்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போக வேண்டும். சின்ன ஆம்புக்கு 60 வாட், 40 அல்லது 50 வாட் ஆம்புக்கு 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடாகச் சூடாக மின்தடை கூடும் இழைதான் இங்கே காவலாளி. ஆம்ப் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். பளிச்சென்றே நின்றால் ஷார்ட்.

இப்போது எல்லா பவர் டியூபையும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு மங்கினால் குற்றவாளி பவர் டியூப், அல்லது அதற்குப் போகும் பயாஸ் வோல்டேஜ் (டியூபில் ஓடும் கரென்ட்டை அளவோடு வைக்கும் மைனஸ் வோல்டேஜ்). மங்காவிட்டால், ஜிஇசட்34 போன்ற ரெக்டிஃபயர் டியூப் (ஏசியை டிசியாக மாற்றுவது) இருந்தால் அதையும் உருவிப் பாருங்கள். அதன் பிறகு மங்கினால் ரெக்டிஃபயரோ ஃபில்டர் கெப்பாசிட்டரோ. எல்லாம் உருவியும் பல்பு பிரகாசித்தால் டையோடுகள், அல்லது பவர் டிரான்ஸ்ஃபார்மரே.

சார்ஜை இறக்குதல்

ஆம்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி மேசை மேல் வையுங்கள். 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நல்ல இன்சுலேஷன் உள்ள கம்பிகளைப் பற்றவைத்து, ஒரு முனையை முதலைக் கிளிப்பால் சேஸிஸில் கவ்வவிடுங்கள். மறுமுனையை, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையில் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது பொறியும் வெடிச் சத்தமும் எழுப்பிப் பாகங்களைக் கெடுக்கும்.

ஒன்றோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தனித்தனியாக இறக்குங்கள். நடுவில் இருக்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் முதல் கெப்பாசிட்டர் காலியாகியும் அடுத்தது முழுச் சார்ஜோடு காத்திருக்கும். பழுதான ஆம்பில் நடக்க வாய்ப்புள்ள விஷயமே இதுதான்.

வோல்டேஜ் சொல்லும் கதை

1000 வோல்ட் டிசி தாங்கும் மீட்டர் வேண்டும். கறுப்பு வயரைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் மட்டும் பிடியுங்கள். காலில் ரப்பர் செருப்பு, தரை ஈரமில்லாமல், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். எர்த் இல்லாத 2 பின் பாயின்ட்டில் இந்த வேலையே வேண்டாம். பின் எண்கள் சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்து, பின் வட்டத்தில் உள்ள அகன்ற இடைவெளியிலிருந்தோ, நடுத்துளையின் காடியிலிருந்தோ (வெட்டுப் பள்ளம்) கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும்.

முதலில் ரெக்டிஃபயருக்கு அடுத்த பெரிய கெப்பாசிட்டர். அங்கே 300 முதல் 480 வோல்ட்டுக்குள் ஏதாவது இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் எச்டி ஃபியூஸ், ஸ்டாண்ட்பை சுவிட்ச், டையோடு. அங்கே இருந்து அடுத்த கெப்பாசிட்டரில் இல்லை என்றால், இடையில் உள்ள ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று வரிசையாக இருக்கும் இவை சூட்டிலேயே வாழ்பவை. நிறப் பட்டைகள் கருகியிருந்தால் கண்ணாலேயே தெரியும்.

பிறகு பவர் டியூப். அதனுள் கேத்தோடு எலக்ட்ரான்களை விடும், பிளேட் அவற்றை வாங்கும், நடுவில் உள்ள கிரிட்டும் ஸ்க்ரீனும் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். இஎல்34, 6எல்6, 6வி6 மூன்றிலும் 3ஆம் பின் பிளேட், 4ஆம் பின் ஸ்க்ரீன், 5ஆம் பின் கிரிட், 8ஆம் பின் கேத்தோடு. இஎல்84இல் பிளேட் 7, ஸ்க்ரீன் 9, கிரிட் 2, கேத்தோடு 3. ஒரு டியூபின் பிளேட்டில் 420 வோல்ட் இருந்து ஜோடி டியூபின் பிளேட்டில் பூஜ்யம் என்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிச் சுருள் அறுந்திருக்கிறது. அணைத்து, சார்ஜை இறக்கி, நடு முனையிலிருந்து இரு பிளேட்டுக்கும் ஓம் அளந்து உறுதி செய்யுங்கள். இரண்டு பாதியும் கொஞ்சம் வித்தியாசப்படலாம், ஆனால் ஒரு பக்கம் திறந்த சர்க்யூட்டாக இருக்கக் கூடாது. பிளேட்டில் வோல்டேஜ் இருந்து ஸ்க்ரீனில் இல்லை என்றால், 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம் ஸ்க்ரீன் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அது தானாகப் போகாது. பெரும்பாலும் அந்த டியூப் உள்ளே ஷார்ட் ஆகி அதை எரித்திருக்கும், டியூபையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது ரெசிஸ்டரும் புகையும். நிலையான பயாஸ் உள்ள ஆம்பில் கிரிட்டில் மைனஸ் 30 முதல் 55 வோல்ட் வரை இருக்க வேண்டும். மைனஸ் வோல்டேஜ் இல்லை என்றால் பிளேட் செந்தணலாகச் சிவக்கும். பார்த்த கணமே அணைத்துவிடுங்கள்.

12ஏஎக்ஸ்7இல் 1, 6 பிளேட்டுகள்; 2, 7 கிரிட்டுகள்; 3, 8 கேத்தோடுகள். சாதாரண ஸ்டேஜில் பிளேட்டில் 150 முதல் 250 வோல்ட், கேத்தோடில் 1 முதல் 2 வோல்ட். பிளேட் ரெசிஸ்டர் பொதுவாக 100 கிலோ ஓம். அதன் ஒரு முனையில் 300 வோல்ட் இருந்து பிளேட்டில் பூஜ்யம் என்றால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. இரு முனையிலும் அதே 300 என்றால் டியூபில் கரென்ட் ஓடவில்லை: ஹீட்டர், டியூப், அல்லது கேத்தோடிலிருந்து எர்த்துக்குப் போகும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஃபேஸ் இன்வர்ட்டரிலும், கேத்தோடிலிருந்தே சிக்னலை எடுக்கும் கேத்தோடு ஃபாலோயர் ஸ்டேஜிலும் கேத்தோடு பல பத்து வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அது பழுதல்ல, அவற்றின் அமைப்பே அப்படி.

"டிக்" சத்தத்தைத் தொடர்ந்து

இந்த அளவீட்டுக்குள்ளேயே ஒரு சிக்னல் சோதனை ஒளிந்திருக்கிறது. வால்யூம்களைப் பாதி திறந்து வைத்து, ஃபேஸ் இன்வர்ட்டரின் பிளேட்டில் மீட்டர் முனையைத் தொடுங்கள், ஸ்பீக்கரில் "டிக்" என்று கேட்கும். அதற்கு முந்தைய டியூபின் பிளேட், அதற்கு முந்தையது என்று இன்புட்டை நோக்கி நகருங்கள். முன்னே போகப் போக "டிக்" பெரிதாக வேண்டும். எங்கே அது நின்றுபோகிறதோ, கடைசியாகக் கேட்ட பின்னுக்கும் கேட்காத பின்னுக்கும் நடுவில்தான் பழுது. அந்த இடைவெளியில் இருப்பவை கொஞ்சம்தான்: 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர், வால்யூம் பாட், சேனல் மாற்றும் ரிலே, ஒரு சால்டர் இணைப்பு.

எல்லாப் பிளேட்டும் "டிக்" என்று சொல்லியும் கிட்டார் வரவில்லை என்றால் இன்புட் ஜாக். பிளக் இல்லாதபோது இன்புட்டை எர்த்தோடு சேர்க்கும் நாக்கு அதில் உண்டு. அது வளைந்து பிளக் சொருகியும் விலகாமல் இருந்தால் கிட்டார் முழுவதும் எர்த்துக்குப் போய்விடும். அதை அடுத்துள்ள 68 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள்.

பிரின்டட் போர்டு உள்ள ஆம்ப்களில் ஜாக்கும் சாக்கெட்டும் போர்டோடு சேரும் இடத்தில் சால்டர் வட்டமாக விரிசல் விடும். சாய்வாக டார்ச் அடித்தால் பின்னைச் சுற்றி முடி போன்ற கறுப்பு வளையம் தெரியும். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் இரண்டு 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டர்கள் கடும் சூட்டில் இயங்கிச் சால்டரைத் தளர்த்துவது நன்கு தெரிந்த பழுது, சேனல் மாறாது, ரிவெர்ப் வராது. புதிதாகப் பற்றவைக்கும்போது அவற்றைப் போர்டிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தி வையுங்கள்.

பாகங்கள்

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஃபியூஸ், சால்டர் எல்லாம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கெப்பாசிட்டரில் மைக்ரோஃபாரட்டை விட வோல்ட் முக்கியம்: 480 வோல்ட் இருக்கும் இடத்தில் 450 வோல்ட் கெப்பாசிட்டர் நிற்காது. 105 டிகிரி வகையாகக் கேளுங்கள். ரெசிஸ்டர்களைக் கடையிலேயே மீட்டரில் அளந்து வாங்குங்கள். கண்ணாடி ஃபியூஸில் 20 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் என்று இரண்டு நீளம் உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ நனைந்து, பரணில் ஏறிய ஆம்ப் என்றால் அதை நேராக ஆன் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் காகித இன்சுலேஷன் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சேற்று உப்பு சாக்கெட் பின்களுக்கு நடுவே பாலம் கட்டியிருக்கும். கழுவி, பல நாள் உலர்த்தி, குண்டு பல்பு வழியாகவே முதல் மின்சாரம் போக வேண்டும்.

சத்தம் வந்த பிறகு

பவர் டியூபை மாற்றியிருந்தால் பயாஸ் பார்க்காமல் மூடாதீர்கள். கேத்தோடுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அங்கே அளக்கும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். இஎல்34 தாங்கக்கூடியது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5ஐ 450ஆல் வகுக்க, ஒரு டியூபுக்கு சுமார் 39 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது.

அறை விளக்கை அணைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு பவர் டியூப்களையே பாருங்கள். நடு இழை ஆரஞ்சாக ஒளிர்வது சரி, வெளித் தகட்டில் செம்புள்ளி தோன்றினால் அணையுங்கள். எல்லாம் சரியென்றால் முழுவதும் ஆறவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஆன் செய்து வாசித்துப் பாருங்கள். விரிசல் விட்ட சால்டர் சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்ளும், ஆறினால் பிரியும். குளிர்ந்த நிலையிலும் முதல் தந்தியிலேயே சத்தம் வந்தால் சேஸிஸைக் கூட்டினுள் வைத்துத் திருகுகளை முடுக்கலாம்.